தம்பியின் பெயரைச் சொல்லலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 28 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். என் தம்பிக்கு 24. போன வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டென்னிஸ் பால் மேட்சில் ஃபீல்டிங் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்துவிட்டான். நண்பர்கள் பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். நோய்நொடி எதுவும் இல்லாதவன். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த மாதம் தலைத்திவசம்.

அம்மா தினமும் அவன் போனுக்கு சார்ஜ் போடுகிறார். அப்பா ஹாலில் இருந்த போட்டோவை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார். கடைக்குப் போனால்கூட கிரவுண்ட் வழியாகப் போகாமல் சுற்றித்தான் போகிறார். பதினாறாம் நாள் அன்று தம்பியின் நண்பர்களிடம் “அன்னைக்கு எத்தனைடா அடிச்சான்?” என்று கேட்டார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா தம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. “அம்மா முன்னாடி அவன் பேச்சை எடுக்காதே, அழுதா அவன் ஆத்மாவுக்கு நிம்மதி இருக்காது” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நண்பர்கள் நினைவுக் கோப்பை நடத்தி, ஊர் முழுக்க பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்கிறார்கள். அன்று “ஆள் குறையுது, வாடா” என்று தம்பியைக் கூப்பிட்டுப் போன பையன்தான் இதற்கு முன்னால் நிற்கிறான், ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. எனக்குத் தையில் கல்யாணம். போன வாரம் வேலை செய்யும் இடத்தில் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அன்று இரவு தூக்கமே இல்லை. அவன் குரல் மறந்துகொண்டே வருகிறது. அவனை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நாலு பக்கம் கையால் எழுதியிருந்தீர்கள். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ‘தம்பி’ என்று எத்தனையோ இடத்தில் வருகிறது, அவன் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. (‘அவன்’ என்றே எழுதுகிறேன், ‘அவர்’ என்றால் வேறு யாரையோ சொல்வது போல இருக்கிறது.) பத்திரிகையில் வந்துவிடும் என்று விட்டிருப்பீர்கள், சரி. ஆனால் வீட்டிலும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, இருபத்திரண்டு வயதில், பாம்பு கடித்து இறந்துபோனார். அப்படி ஒரு மாமா இருந்தார் என்பதே எனக்குப் பன்னிரண்டு வயதில்தான் தெரியும். ஆச்சி வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தூக்குவாளி கிடந்தது. மூடியில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. யார் ஆச்சி இது என்று கேட்டேன். “கீழ வையி” என்றார், அவ்வளவுதான். துலக்கவும் மாட்டார், பழைய பாத்திரக்காரருக்குப் போடவும் மாட்டார். கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப் படுத்திருந்தபோது ஆச்சி யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? என் அம்மாவையோ பெரியம்மாவையோ இல்லை. மூடியில் வெட்டியிருந்த அந்தப் பெயரைத்தான், இரண்டு மாதமும். நாற்பது வருடம் ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த எங்கள் யாருக்கும் அந்த மாமாவைப் பற்றிச் சொல்ல ஒரு கதைகூடத் தெரியவில்லை.

ஆகவே சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவன் பேச்சை எடுத்தால் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிடும் என்பதில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. அம்மா மறந்தால்தானே புதிதாக ஞாபகம் வர? தினமும் காலையில் எழுந்து போனுக்கு சார்ஜ் போடுகிறவரிடம் நாம் என்ன ஞாபகப்படுத்திவிடப் போகிறோம்? நீங்கள் பேசாமல் இருந்தால், ‘இந்த வீட்டில் நான் மட்டும்தான் அவனை நினைக்கிறேன்’ என்று அவர் நினைத்துக்கொள்வார். அப்பாவும் பீரோவைப் பார்த்தபடி அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். நீங்களும் அப்படித்தான். மூன்று பேரும் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அழுதால் ஆத்மா அலையும் என்பதும் நம் ஊர் வழக்கத்துக்குப் பொருந்தாத பேச்சு. துட்டி வீட்டில் நம் பெண்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, செத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் தின்றது, உடுத்தியது, கோபித்துக்கொண்டு போனது என்று வரிசையாகச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். நினைவுகூர்வதற்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை எங்கள் மருத்துவமும் கண்டுபிடித்துவிடவில்லை. அதில் ஒரு குறை உண்டு. பதினாறோடு கதவைச் சாத்திவிடுகிறோம், அதற்கு மேல் அழுதால் ‘இன்னுமா?’ என்கிறோம்.

எங்கள் மனநலத் துறையும் ஒரு காலத்தில் ‘இன்னுமா?’ என்றுதான் கேட்டது. 1917இல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டு துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். போனவர் மீது வைத்த பற்றை மனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும், அதுதான் துக்கத்தின் வேலை என்பது அதன் சாரம். மூன்று வருடத்தில், 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் போய்விட்டார். 26 வயது. 1929இல், மகனைப் பறிகொடுத்த ஒரு மருத்துவ நண்பருக்கு ஃபிராய்டு எழுதிய கடிதத்தில் சுருதி மாறியிருக்கிறது. அன்று மகள் இருந்திருந்தால் 36 வயது ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி என்கிறார். ஒன்பது வருடம் கழித்தும் பிறந்தநாளுக்கு வயதை எண்ணிக்கொண்டிருந்த அப்பா அவர். உங்கள் அம்மா ஒரு வருடமாகத்தான் சார்ஜ் போடுகிறார்.

அந்த போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சார்ஜ் மட்டும் போதாது. ரீசார்ஜ் இல்லாமல் விட்டால் சில மாதங்களில் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் இணைப்பில் இல்லாமல் இருந்தால் நீக்கப்பட்டுவிடும். இப்போது போன் திறக்கிற நிலையில் இருந்தால், இந்த வாரமே ஒரு பென்டிரைவ் வாங்கி, அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். ‘அக்கா, வரும்போது பரோட்டா வாங்கிட்டு வா’ என்பது போல ஒன்றாவது இருக்கும். அதுதான் வேண்டும். குரல் மறக்கிறது என்று பயப்படுகிறீர்கள். முகத்தைவிடக் குரல் சீக்கிரம் மங்கிவிட்டது என்று என்னிடம் வருகிற பலர் சொல்கிறார்கள். அதற்குப் பாசக் குறைவு காரணமில்லை. முகத்துக்கு போட்டோ இருக்கிறது, குரலை நாம் எடுத்து வைப்பதில்லை. நண்பர்களின் போனிலும் தேடச் சொல்லுங்கள், மேட்ச் வீடியோவில் பின்னால் கத்துகிற சத்தம்கூட அவனுடையதாக இருக்கலாம். ஃபேஸ்புக்கில் கணக்கு இருந்தால் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லலாம். போட்டோக்கள் அப்படியே இருக்கும், ‘இன்று இவருக்குப் பிறந்தநாள், வாழ்த்துங்கள்’ என்று எல்லோருக்கும் போகிற அந்தக் கொடுமையான அறிவிப்பு மட்டும் நின்றுவிடும்.

அடுத்தது பிளெக்ஸ். எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட எரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். போர்டு அடிக்கிற கடையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தம்பி வாழ்நாளில் போடாத ஒரு கோட் சூட்டை போட்டோஷாப்பில் மாட்டிவிடுவார்கள். பின்னால் மேகம், ஒரு புறா, ஒரு மெழுகுவர்த்தி. கீழே நண்பர்களின் முகங்கள் அவன் முகத்தைவிடப் பெரிதாக, வரிசையாக. ‘மண்ணை விட்டு மறைந்தாலும்’ என்று தொடங்கும் நாலு வரி, போன மாதம் வேறு ஒரு பையனுக்குப் போட்ட அதே நாலு வரி. அதில் உங்கள் தம்பி எங்கே?

இதே நாட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் செத்தவர்களுக்குக் கல் நட்டார்கள். உங்கள் மாவட்டத்தை அடுத்த தேனியில், ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006இல் சில நடுகற்கள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்து. ஒரு கல்லில் இருப்பது இவ்வளவுதான்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று படிக்கிறார்கள். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அந்த நேரத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது இருக்கிறது. புகழ்ச்சி ஒரு சொல்லும் கிடையாது. இன்றைக்கு அதைப் படிக்கிற நமக்கு அந்தவன் என்று ஒருவன் இருந்தான் என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது.

நண்பர்கள் பேனர் வைத்தே ஆக வேண்டும் என்றால், கிரவுண்டில் ஒன்றே ஒன்று வைக்கட்டும். அவன் வழக்கமாகப் போடுகிற டி-ஷர்ட்டில் இருக்கிற போட்டோ, பெயர், அவன் எந்த இடத்தில் இறங்குவான், எந்தப் பக்கம் அடிப்பான். போதும். ஊர் முழுக்க வைத்தால், ஏற்கெனவே சுற்றிப் போகிற உங்கள் அப்பாவுக்குப் போக வழியே இருக்காது. இதை நண்பர்களிடம் அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

வீட்டிலும் அதே மாதிரிதான். அவனைப் பற்றிப் பேசச் சொல்கிறேன் என்றால் ‘தங்கமான பையன்’ என்று பேசச் சொல்லவில்லை. இறந்தவர்களை நாம் சீக்கிரம் சாமியாக்கிவிடுகிறோம், சாமியிடம் யாரும் சண்டை போட்டதாக ஞாபகம் வராது. உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த இடம், உங்கள் ஸ்கூட்டியை எடுத்துப் போய் பெட்ரோலைக் காலி செய்து, சாவியை மட்டும் நல்ல பிள்ளையாக ஆணியில் மாட்டிவைப்பான் என்று எழுதியிருந்தது. திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடும்போது அதைச் சொல்லுங்கள். அம்மா அழுவார், அழட்டும். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் ஒன்று சொல்வார். அன்றே சொல்லாவிட்டாலும் நாலு நாள் கழித்துச் சொல்வார். அப்பாவை வற்புறுத்த வேண்டாம், ஆனால் அவர் காதில் விழுகிற இடத்தில் பேசுங்கள். போட்டோவைப் பொறுத்தவரை, அவர் அதைத் தூக்கி எறியவில்லை, பீரோவில் வைத்திருக்கிறார். மாலை போட்ட படத்தைத் தினமும் ஹாலில் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். மாலை, பொட்டு, சீரியல் பல்பு எதுவும் இல்லாமல், அவன் சிரிக்கிற சாதாரண படம் ஒன்றை உங்கள் அறையில் வைத்துப் பாருங்கள்.

தலைத்திவசம் எந்த நாளில் என்று குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் இழுபறி என்று எழுதியிருக்கிறீர்கள். திதி ஒரு நாள் வருகிறது, இங்கிலீஷ் தேதி வேறு நாள். நல்லதாகப் போயிற்று, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். திதி வீட்டுக்கு. அன்று படையலில் அவனுக்குப் பிடித்தது இருக்கட்டும், பரோட்டா என்றால் பரோட்டா. நம் பக்கம் கல்யாணம் ஆகாமல் போன பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்துக் கும்பிடுகிற வீடுகள் உண்டு, உங்கள் வழக்கத்தில் இருந்தால் அதையும் செய்யுங்கள். தேதி நண்பர்களுக்கு, கிரவுண்டில்.

அந்தக் கூப்பிட்டுப் போன பையனைப் பற்றி எனக்கு உங்கள் எல்லோரையும்விடக் கவலை. கோப்பைக்கு ஓடி ஓடி வேலை செய்கிறான், வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ‘நான் கூப்பிடாமல் இருந்திருந்தால்’ என்று ஒரு வருடமாக அவன் தூங்கியிருக்க மாட்டான். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஹியூஸை ஞாபகம் இருக்கும். 2014 நவம்பர் 25, சிட்னி மைதானம். 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பவுன்சர் கழுத்தில் பட்டது. 27ஆம் தேதி இறந்துபோனார், 26ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. உலகம் முழுக்க வீட்டு வாசல்களில் பேட்டைச் சாய்த்து வைத்தார்கள். அவர் அணிந்த 64ஆம் எண் சட்டையை ஆஸ்திரேலிய ஒருநாள் அணியில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. அந்தப் பந்தைப் போட்ட ஷான் அபாட்டுக்கு அப்போது 22 வயது. அவரைக் கூட இருந்தவர்கள் தனியே விடவில்லை. அடுத்த மாதமே அதே மைதானத்தில் பந்து போட வந்தார், ஓர் இன்னிங்ஸில் 14 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். 2016இல் நடந்த மரண விசாரணையும் யார் மீதும் குற்றமில்லை என்றே முடிந்தது. உங்கள் ஊர்ப் பையன் வீசியது பவுன்சர்கூட இல்லை, ஒரு கூப்பிடல். திவசத்துக்கு முன்பே அம்மாவோ அப்பாவோ அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பிட வைத்தால், உங்கள் ஊரில் நடக்கிற எந்தக் கோப்பையையும்விட அது பெரிய காரியம்.

கோப்பை நடத்தட்டும். மேட்சுக்கு முன் ஒரு அரை மணி நேரம், மருத்துவமனையிலிருந்து யாரையாவது வரவழைத்து, திடீரென்று ஒருவர் மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்தால் என்ன செய்வது என்று பையன்களுக்குப் பழக்கிவிட முடியுமானால் நல்லது. 108க்கு ஒருவர் போன் அடிக்க வேண்டும், இன்னொருவர் தரையிலேயே படுக்கவைத்து, நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விடாமல் அழுத்த வேண்டும். ஆனால் இதைப் பக்குவமாகச் செய்ய வேண்டும். ‘அன்றே தெரிந்திருந்தால்’ என்று அந்தப் பையன்கள் தங்கள் தலையில் இன்னொரு கல்லை ஏற்றிக்கொள்வார்கள். தெரிந்ததைச் செய்தீர்கள், ஓடியிருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டு இதற்கு வாருங்கள். முதல் வருடம் வேண்டாம், தாங்க மாட்டார்கள் என்று தோன்றினால் இரண்டாம் வருடம் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் மருத்துவராக நான் சொல்லியாக வேண்டும். நன்றாக இருந்த இளவயதுப் பையன் விளையாட்டில் விழுந்து இறப்பதற்குச் சில சமயம் பிறவியிலேயே வருகிற இதயக் கோளாறு காரணமாக இருக்கும். இதயத் தசை தடிப்பது, துடிப்பின் மின்னோட்டத்தில் கோளாறு என்று சில வகைகள். உங்கள் தம்பிக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, போஸ்ட்மார்ட்டம் இல்லாததால் இனிச் சொல்லவும் முடியாது. ஆனால் இவற்றில் பல குடும்பத்தில் வருபவை. ஆகவே அப்பா, அம்மா, நீங்கள் மூன்று பேரும் ஒரு இதய மருத்துவரைப் பார்த்து, தம்பி எப்படி இறந்தான் என்று சொல்லி, ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று யோசிக்காதீர்கள், அடுத்த வாரமே.

கல்யாணம். சிரித்ததற்காகத் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். துக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. அதற்குள்ளும் வெளியேயும் மனம் ஊஞ்சல் போலப் போய்வந்துகொண்டிருக்கும் என்று 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். போய்வருவதுதான் ஆரோக்கியம், ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல். சிரிப்பு வந்த அன்று ஊஞ்சல் வெளிப்பக்கம் போயிருக்கிறது, அவ்வளவே.

மண்டபத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மோதிரம் வாங்க மச்சான் வேண்டுமே, அந்த இடத்தில் யார் என்று கேட்டிருந்தீர்கள். சித்தப்பா மகன் செய்யட்டும். ஆனால் அந்த நேரத்தில் நாதஸ்வரத்தைப் பலமாக வாசிக்கச் சொல்லிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சித்தப்பா மகனிடம் முன்கூட்டியே, ‘நீ அவனுக்காகத்தான் நிற்கிறாய்’ என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள். மாப்பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். அம்மா அந்த நேரம் உடைந்துபோவார், பக்கத்தில் ஒரு அத்தையை நிறுத்துங்கள், மணமேடையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று புது சொந்தங்கள் கேட்பார்கள். “நாங்க ரெண்டு பேர், தம்பி தவறிட்டான்” என்று சொல்லுங்கள். நான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் உறுத்திக்கொண்டு கிடக்க வேண்டாம்.

அம்மா சாப்பாடு தண்ணீரே இல்லாமல் கிடந்தாலோ, ‘அவன்கிட்டயே போயிடறேன்’ என்று சொன்னாலோ, அப்பா குடிக்க ஆரம்பித்தாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வருடம் தாண்டியும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துக்கம் பிடித்து வைத்திருந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது, நேரில் கூட்டி வாருங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்குப் போனதாகத் தெரியவில்லை.

ஸ்கோர் கார்டில் ஹியூஸின் பெயருக்கு நேரே முதலில் ‘காயத்தால் வெளியேறினார்’ என்று இருந்ததைப் பிறகு ‘63 நாட் அவுட்’ என்று மாற்றினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உங்கள் அப்பா பதினாறாம் நாள் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். டென்னிஸ் பால் மேட்சாக இருந்தாலும் யாராவது ஸ்கோர் எழுதியிருப்பார்கள், பள்ளிக்கூட நோட்டிலாவது. அந்தக் கூப்பிட்டுப் போன பையனிடம் கேளுங்கள், அவன் அந்த நோட்டைப் பத்திரமாகத்தான் வைத்திருப்பான். அவன் கையாலேயே கொண்டுவந்து அப்பாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை அடித்தான் என்று அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும். பெயர் அதில் எழுதியிருக்கும்.